குனியாத தொழுகை

முதல் தடவை அது வந்தபோது பக்கத்திலிருந்தவர் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டார். மூணாறு பஜாரில் அன்று எங்களுக்குத் தொழும் இடம் ஒரு தகரக் கொட்டகைதான். அஸர் (பிற்பகல் தொழுகை) நேரம். சஜ்தாவுக்கு (நெற்றி தரையில் படும்படி சிரம் தாழ்த்துவது) போனவன் அங்கேயே கிடந்தேன். மற்றவர்கள் எழுந்து, உட்கார்ந்து, சலாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். டீக்கடை மீரான் என் தோளைத் தொட்டு, "அல்லாகிட்ட கேக்கறதெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம் பாய், எந்திரிங்க" என்றார். நான் ஒன்றும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முதுகு பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை, அவ்வளவுதான்.

என்னைப் போல் கட்டிலில் கிடப்பவர்களும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். ஆறுதல் வேண்டும் என்பவர்கள் வேறு கடையைப் பார்ப்பது நல்லது. என்னிடம் அந்தச் சரக்கு இல்லை.

நான் பாலக்காட்டுத் தமிழ் ராவுத்தர் குடும்பம். ஜவுளி வியாபாரி. சீலையும் துண்டும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறி, மூணாறு பக்கத்து எஸ்டேட்டுகளில் சம்பளம் போடும் சமயம் பார்த்து லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) விற்பேன். மூட்டையை முதுகில் போட்டு மேடேறுகிறவனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

அப்படிச் சொல்லாதவள் என் மனைவி ஆமினா ஒருத்திதான். பெருமாட்டி என்ற ஊர்க்காரி. குரலை உயர்த்தாமலே ஆளை மடக்கிவிடுவாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏனுங்க, நடு முதுகுல ஒரு எலும்பு மட்டும் வெளிய துருத்தீட்டு நிக்குதுங்க."

"மூட்டை அழுத்துனதா இருக்கும்."

"மூட்டை வெளிய இருந்து உள்ளதானுங்க அழுத்தும்? இது உள்ள இருந்து வெளிய வருதுங்க."

ஆனாலும் இன்னும் பல மாதம் எண்ணெய், கிழி (மருந்துப் பொட்டல ஒத்தடம்), பத்து (மருந்துப் பூச்சு) என்று ஓட்டினேன். தர்காவில் நேர்ந்துகொண்டோம். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் வரும், விடிவதற்குள் வேர்த்துக் கொட்டிப் போகும். உடம்பு இளைத்தது. ஒருநாள் பாலக்காட்டுக் கடைவீதியில் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் கூப்பிட்டு என் செருப்பை நீட்டினார். அது எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. வெறுங்காலில் நடந்திருக்கிறேன், மண் சுட்டது தெரியவில்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. டாக்டர் திருச்சூர்ப் பக்கத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சீராக அடுக்கிய எலும்புகளுக்கு நடுவே இரண்டு மட்டும் நனைந்த சர்க்கரைக் கட்டி மாதிரி உருக்குலைந்திருந்தன. முதுகெலும்பு க்ஷயம் (காசநோய்க் கிருமி எலும்பை அரிப்பது) என்றார். மாவுக்கட்டுக் கட்டிலில் (உடம்பின் அளவுக்குச் சுண்ணமாவில் வார்த்தெடுத்த தொட்டி) மல்லாந்து கிடக்க வேண்டும். அசையக் கூடாது. ஊசி உண்டு, மாத்திரை உண்டு.

"எத்தனை நாளுங்க டாக்டர்?"

"நாள் கணக்கு வேண்டா ராவுத்தரே. வருஷக் கணக்கு."

"அப்புறம் சரியாயிருங்களா?"

"எலும்பு ரெண்டும் ஒட்டி ஒண்ணாயிட்டா நடக்கலாம். பக்ஷே குனியான் பற்றில்ல. குனியற காரியம் இனி மறக்கணும்."

அவர் நல்ல மனிதர். மருந்துக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவர். தொழுகைக்குக் குனிய வேண்டுமே என்று நான் சொன்னதற்கு, படத்தை உறையில் போட்டுக்கொண்டே, "அது நிங்ஙள்டெ தைவத்தினோட பேசணும்" என்றார். கேலியில்லை. நிஜமாகவே அது தன் வேலையல்ல என்ற அர்த்தத்தில் சொன்னார்.

பேசினேன். அன்றிலிருந்து நான் அல்லாஹ்விடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஊர்ப் பள்ளிவாசலில் மற்றவர்களோடு ஒரே ஸஃபில் (தொழுகை வரிசை) நின்று, அவர்கள் செய்வதெல்லாம் நானும் செய்து, குறையில்லாமல் ஒரே ஒரு தொழுகை. மூட்டை தூக்க வேண்டாம், மலையேற வேண்டாம், நீண்ட ஆயுள் வேண்டாம். பேரம் பேசியே பிழைத்தவன் நான். குறைத்துக் கேட்டால் படியும் என்று நினைத்தேன்.

மாவுக்கட்டில் கிடப்பது எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் வாரம் அரிப்பு. அப்புறம் கூரையின் ஓடுகள். அப்புறம் அரிப்பும் ஓடும் போய், உடம்பு என்பது கழுத்துக்கு மேல் உள்ளதுதான் என்று தோன்ற ஆரம்பிக்கும். கீழே இருப்பது வேறு யாருடையதோ. அதைத் துடைத்து, திருப்பி, மலஜலம் எடுத்துப் போடுகிறவள் ஆமினா. அவள் என் உடம்பை என்னைவிட நன்றாக அறிந்திருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மூன்று தடவை தங்காமல் போய்விட்டது. அதனால் அவள் ஆஸ்பத்திரியிலேயே தங்க முடிந்தது. பிள்ளையில்லாததும் நல்லதற்கே என்று பார்க்க வந்த ஓர் உறவுக்காரர் சொன்னார். எழுந்து அடிக்க முடியாத நிலையில் இருந்தேன், பிழைத்தார்.

தொழுகை விஷயம் வந்தது. தொழுமுன் முகமும் கைகாலும் கழுவ வேண்டும்; மாவுக்கட்டில் தண்ணீர் படக் கூடாதென்பதால், ஆமினா ஒரு சுத்தமான ஓட்டுச் சில்லைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் கை பதித்து முகத்தையும் கையையும் தடவிக்கொள்ளலாம், மார்க்கம் அனுமதிக்கிறது. படுத்துத் தொழுவது எப்படி என்று அவள் தம்பி காசிம் பாலக்காட்டு ஹஜ்ரத்திடம் (பள்ளிவாசல் இமாம்) கேட்டு வந்து சொன்னான். மல்லாந்து கிடப்பவன் கால் கிப்லாவை (தொழும் திசை, எங்களுக்கு மேற்கு) நோக்கி இருக்க வேண்டும். முகம் கிப்லாவைப் பார்க்கும்படி தலைக்குத் தலையணை வைக்க வேண்டும். குனிவதற்குப் பதில் தலையைச் சற்று அசைத்தால் போதும். சஜ்தாவுக்கு இன்னும் கொஞ்சம் தாழ அசைக்க வேண்டும்.

ஆமினாவுக்கு முகம் சுருங்கியது. "மேக்கால கால நீட்டறதுங்களா?" எங்கள் வீடுகளில் தூக்கத்தில்கூட யாரும் மேற்கே கால் நீட்டுவதில்லை. குழந்தை நீட்டினால் திருப்பிப் போடுவார்கள்.

"முட்டிய மடக்கி வெச்சுக்கலாமாமா" என்றான் காசிம்.

"மடக்க முடிஞ்சா இங்க எதுக்குடா கெடக்கறேன்?" என்றேன்.

வார்டில் எல்லாக் கட்டிலும் தெற்கு வடக்காக இருந்தன. என்னுடையதை மட்டும் குறுக்கே திருப்ப வேண்டும். தலைமை நர்ஸ் ஒரு கன்னியாஸ்திரி. முதலில் முணுமுணுத்தார். பிறகு தானே ஒரு முனையைப் பிடித்துத் தள்ளினார். ஆமினா என் பாதங்கள் கிப்லாவுக்குத் தெரிய வேண்டாமென்று ஒரு வெள்ளை வேட்டியைக் கால்மாட்டில் போர்த்தினாள். அவளுக்கு அது கொஞ்சம் சமாதானம்.

அந்த வேட்டியால் ஒரு கூத்து நடந்தது. என் பெரியத்தா (அப்பாவின் அண்ணன்) பலகாரப் பொட்டலத்தோடு பார்க்க வந்தார். மதியச் சாப்பாடு முடிந்து வார்டே தூங்கும் நேரம். ஆமினா துணி துவைக்கப் போயிருந்தாள். எங்கள் ஜனங்களிடையே ஒருவரை மேற்கே கால் நீட்டி, தலையை உயர்த்தி, வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உயிர் போகிற நேரம். பெரியத்தா யாரையும் எதுவும் கேட்கவில்லை. பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, பெருங்குரலில் யாசீன் (உயிர் பிரிகிறவருக்காக ஓதும் சூரா, குர்ஆன் அத்தியாயம்) ஓத ஆரம்பித்துவிட்டார்.

கண்ணைத் திறந்தேன். தாடியெல்லாம் கண்ணீராக ஓதிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் கை கூப்பியிருந்தார்.

"யாருக்குங்க பெரியத்தா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எடுத்த சூராவைப் பாதியில் விடக் கூடாதென்று, "இரு" என்று கையால் சைகை செய்துவிட்டுத் தொடர்ந்து ஓதினார். எனக்கான யாசீனை முழுவதும் நானே கேட்டுக்கொண்டு கிடந்தேன். முடித்ததும், "இருக்கறவன் இருக்கறேன்னு சொல்லப்படாதாடா? எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு!" என்று என்னையே ஏசினார்.

ஆமினா வந்து விஷயம் கேட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நான் எதற்காவது முனகினால் போதும், பக்கத்தில் வந்து குனிந்து, "யாருக்குங்க?" என்பாள்.

ஊசி (ஸ்ட்ரெப்டோமைசின், க்ஷயக் கிருமியைக் கொல்வது) காய்ச்சலை நிறுத்தியது. பதிலுக்குக் காதை எடுத்துக்கொண்டது. முதலில் வண்டு ரீங்காரம் மாதிரி ஓர் இரைச்சல், பிறகு இடது காது முற்றிலும், வலது பாதி. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், சிலருக்கு இப்படி ஆகும் என்று. தூரத்துப் பள்ளியின் பாங்கு (தொழுகை அழைப்பு) காற்று வாட்டமாக அடித்தால் வார்டுக்குக் கேட்கும். எனக்கு அதுவும் போனது. நேரம் என்பதே இல்லாமல் போனது. கூரை ஓடு மட்டும்தான். ஆமினா வழி கண்டுபிடித்தாள். பாங்கு கேட்டதும் வந்து என் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டிருந்த மாவுக்கட்டுப் பட்டையின் மேல் விரலால் தட்டுவாள். டொக், டொக். காதில் விழாது. எலும்பில் விழும். ஐந்து வேளையும் அந்தத் தட்டுதான் என் கடிகாரம்.

பக்கத்துக் கட்டில்காரர் சுடலைமுத்து, பீர்மேட்டு எஸ்டேட் ஒன்றில் கங்காணி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இடுப்பு எலும்பில் அவருக்கு அதே நோய். நான் தலையசைத்துத் தொழுவதைத் தினமும் பார்ப்பார்.

ஒருநாள் என் வலது காதுப் பக்கம் சத்தமாகக் கேட்டார்: "ராவுத்தரய்யா, ஒரு நாளைக்கு அஞ்சு தடவ மனு போடுதீய. பதில் ஏதும் வந்துச்சா?"

"இன்னும் வரலீங்க."

"நான் ஒரு தடவயும் போடலய்யா. பேருல சுடல இருக்காருல்லா, அவராப் பாத்துக்கிடட்டும்னு விட்டாச்சு. நீங்களும் செத்த நேரம் சும்மா இருந்து பாருங்களேன்."

சிரித்தேன். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் அடுத்த மழைக்காலத்துக்கு முன் சுடலைமுத்து கட்டைக் கழற்றி, கம்பை ஊன்றி, சிரித்துக்கொண்டே வார்டு வாசலைத் தாண்டிப் போனார். ஒரு தடவையும் கேட்காதவர். நான் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பொறாமையாக இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் மேல் இல்லை. அவருக்குக் கொடுத்தவன் மேல்.

பார்க்க வருகிறவர்கள், அல்லாஹ் தான் நேசிப்பவரைத்தான் சோதிப்பான் என்பார்கள். என்னைக் கொஞ்சம் குறைவாக நேசித்தால் என்ன என்று நினைத்துக்கொள்வேன். வாய்விட்டு ஆமினாவிடம்தான் சொன்னேன். அவள் என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ தொழுதுட்டு என்ன கேப்பே?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கறதில்லீங்க."

"எனக்காகக்கூடவா?"

துண்டை உதறிக் கம்பியில் போட்டாள். பிறகு என் நல்ல காதுப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். "மூணாவது கொழந்தை போனப்பவே கேக்கறத நிறுத்தீட்டனுங்க. கேட்டுக் கேட்டு, அவன் மேல கோவமாத்தான் வந்துது. இப்ப தொழுவறேன், சலாம் சொல்லறேன், எந்திரிச்சர்றேன். அவ்வளவுதானுங்க."

"அப்புறம் தொழுது என்ன பிரயோசனம்?"

"ஊட்டுல பெரியவங்க இருந்தா கண்டதும் சலாம் சொல்லறதில்லீங்களா? ஏதாச்சும் வாங்கறதுக்காகவா சொல்லறோம்?"

எனக்கு அது பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்டு அன்று மக்ரிபுக்கு (அந்தித் தொழுகை) அவள் தட்டியும் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். அப்புறம் ஓட்டுச் சில்லை என் கையருகே வைத்துவிட்டுத் தான் தொழப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வீம்பு பிடித்துவிட்டு நானும் தொழுதேன். வழக்கம் போலக் கேட்டேன்.

நான் படுத்தபோது எங்கள் பாலக்காடு மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. எழுந்து உட்கார்ந்தபோது கேரளத்தில் இருந்தது. மாநிலம் மாறியதை வார்டில் யாரோ சொல்ல, ஆமினா என் நல்ல காதில் சொன்னாள். என்னைக் கேட்காமல் எல்லாம் நகர்ந்திருக்கிறது என்று தோன்றியது. டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். உருக்குலைந்த இரண்டு எலும்புகளும் சேர்ந்து ஒரே கட்டையாகியிருந்தன. தோலும் இரும்புப் பட்டையுமாக ஒரு கவசம் செய்து மாட்டினார்கள். ஆமினாவின் தோளைப் பிடித்து நின்றேன். தரை அவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று மறந்துபோயிருந்தேன். மெல்ல நடந்தேன். முக்காலியில் உட்கார முடிந்தது. மோவாய் நெஞ்சைத் தொடுமளவு தலை தாழ்ந்தது. அதற்குக் கீழே ஒன்றும் வளையவில்லை.

"குணமாயி ராவுத்தரே" என்று டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்ணில் நிஜமான சந்தோஷம். குனியாத முதுகோடு, பாதிக் காதோடு நான் குணமாகியிருந்தேன்.

வீட்டுக்கு அனுப்புமுன் துணைக்கு இருந்தவர்களையும் படம் எடுத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். ஆமினா இருமிக்கொண்டிருந்தாள். சமையல் கொட்டகை விறகுப் புகை என்று சொல்லியிருந்தாள். என் காதுக்கு அந்த இருமல் எட்டியதே இல்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டால் அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

டாக்டர் அவள் படத்தை ஜன்னலில் பிடிக்கவில்லை. மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். இரண்டு நுரையீரலிலும் குழி விழுந்திருக்கிறது என்றார். எங்கிருந்து தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆள் துணையில்லாத ஒரு நோயாளிப் பெண்ணுக்குப் பெண்கள் வார்டில் போய்க் கஞ்சி ஊட்டி வருவாள், எனக்குத் தெரியும். தெருவில் யாராவது விழுந்தால் தூக்குகிறவள் அவள். அதற்குத்தான் இதுவா என்று அன்று முழுக்க மேற்குப் பக்கம் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் சொல்லலே?" என்று அவளிடம் கத்தினேன். செவிடனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. வார்டே திரும்பிப் பார்த்தது.

"சொன்னா என்னக் கொண்டுபோயி பொம்பளைங்க வார்டுல போட்டிருவாங்க. உங்களுக்குப் பாங்கு யாருங்க சொல்லுவாங்க?"

அப்படியும் ஒரு காரணம் இருக்க முடியுமா என்று இன்றுவரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

நான் ஊருக்குப் போக வேண்டிய நாளில் அவள் பெண்கள் வார்டில் சேர்ந்தாள். எனக்குக் கொடுத்த அதே ஊசி, அதே மாத்திரை. எனக்கு முந்திக்கொண்டது, அவளுக்குப் பிந்திவிட்டது. பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் ஆண்களை உள்ளே விடுவார்கள். மற்ற நேரம் ஜன்னலுக்கு வெளியே நிற்பேன். கவசம் போட்டவனுக்கு நிற்பது மட்டும் நன்றாக வரும்.

துணைக்கு இருப்பவன் என்று என் பெயரைச் சொல்லிக்கொண்டேன். என்ன துணை? அவள் கட்டிலுக்குக் கீழே எச்சில் குவளை இருக்கும். இருமல் வந்து அவள் கை நீட்டுவாள். என்னால் குனிந்து அதை எடுக்க முடியாது. காலால் தள்ளி நகர்த்தப் பார்ப்பேன், கவிழ்ந்துவிடும். நர்ஸ் ஓடி வருவாள். என்னை வருஷக்கணக்கில் தூக்கித் துடைத்தவளுக்கு ஒரு குவளை எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டுதான் இன்னும் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் செய்ய முடிந்தது. வாசல்காரரிடம் கேட்டு நேரம் தெரிந்துகொண்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவள் கட்டிலின் இரும்புக் கம்பியில் விரலால் தட்டுவேன். அவள் உட்கார்ந்து தொழுதாள். அப்புறம் படுத்து. கட்டிலை மேற்கே திருப்பட்டுமா என்று அதே கன்னியாஸ்திரி கேட்டபோது, ஆமினா என்னைப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "வேண்டாமுங்க. பெரியத்தா வந்துருவாரு."

அந்த நாட்களில் என் ஒரே மனுவையும் மாற்றிப் போட்டேன். எனக்கு ஸஃபும் வேண்டாம், சஜ்தாவும் வேண்டாம், இவளை விட்டுவை. அழுது கேட்டேன். தலையை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திக் கேட்டேன். நான் கேட்டதிலேயே உண்மையானது அதுதான். முன்பு கேட்டதெல்லாம் அதற்கு முன்னால் வெறும் வியாபாரம்.

ஒருநாள் காலை, சூரியன் நன்றாக ஏறிய பிறகு, கஞ்சி வாங்கி வரப் போனேன். நான் திரும்புவதற்குள் பெரிய இருமலோடு ரத்தம் வந்து எல்லாம் முடிந்திருந்தது. கஞ்சித் தூக்கை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

பாலக்காட்டுக்கு ஒரு வேனில் கொண்டுவந்தோம். பெரியத்தா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து யாசீன் ஓத ஆரம்பித்தார். எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. அதே ராகம், அதே தாடி நனைந்த முகம். என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது.

"யாருக்குங்க?"

பெரியத்தா நிறுத்திவிட்டார். எடுத்த சூராவை அவர் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஓதினார்.

குளிப்பாட்டப் பெண்கள் வந்தார்கள். நானும் எழுந்தேன். ஹஜ்ரத் என் முன்னால் வந்து மெதுவாகக் கையைப் பிடித்தார். "பாக்கலாமுங்க. தொடப்படாது. மவுத்தானதோட (இறந்ததோடு) நிக்காஹ் (திருமண பந்தம்) விட்டுப்போச்சுங்க." எங்கள் மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழி) அப்படித்தான், எனக்கும் தெரியும். என் உடம்பில் அவள் கை படாத இடமில்லை. அவள் உடம்பில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற எனக்கு உரிமை இல்லை. சந்தூக்கைத் (சடலம் சுமக்கும் பெட்டி) தோளில் வாங்கவும் முடியாது. தூக்குகிறவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.

பள்ளியில் அஸர் நேரம். வரிசையின் ஓரத்தில் எனக்கு முக்காலி போட்டிருந்தார்கள். எல்லோரும் குனிந்தபோது தலையசைத்தேன். எல்லோரும் தரைக்குப் போனபோது இன்னும் கொஞ்சம் அசைத்தேன். அத்தனை முதுகுகளுக்கு நடுவில் நான் ஒருவன் மட்டும் நட்ட கல்லாய் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு ஜனாஸா (இறந்தவருக்கான தொழுகை). முற்றத்தில் சந்தூக்கை வைத்து அதன் பின்னால் வரிசை கட்டினார்கள். காசிம் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் முதல் ஸஃபில் தன் பக்கத்தில் நிறுத்தினான்.

ஹஜ்ரத் தக்பீர் ('அல்லாஹு அக்பர்' என்னும் முழக்கம்) சொல்லிக் கை கட்டினார். நானும் கட்டினேன். அடுத்த தக்பீர் என் காதில் விழாது என்று காசிமுக்குத் தெரியும். முழங்கையால் என் முழங்கையைத் தட்டினான். என் உடம்பு பழக்கத்தில் தயாரானது: இதோ, எல்லோரும் குனியப் போகிறார்கள், நான் மட்டும் நிற்கப் போகிறேன். யாரும் குனியவில்லை. மூன்றாம் தக்பீர், இன்னொரு தட்டு. யாரும் குனியவில்லை. அப்போதுதான் உறைத்தது. சிறுவயதிலிருந்து எத்தனை ஜனாஸா தொழுதிருக்கிறேன். அதில் குனிவது கிடையாது. சஜ்தா கிடையாது. முழுவதும் நின்றுகொண்டே தொழுவது அது ஒன்றுதான்.

நான்காம் தக்பீர், கடைசித் தட்டு. இரண்டு பக்கமும் சலாம் கொடுத்தோம். ஊர்ப் பள்ளிவாசல். மற்றவர்களோடு ஒரே வரிசை. அவர்கள் செய்ததெல்லாம் நானும் செய்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. பின்னாலிருந்து பார்த்தவருக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்காது. நான் கேட்ட தொழுகை அதுதான். எழுத்துப் பிசகாமல் கொடுத்துவிட்டான்.

மாற்றிக் கேட்டேனே, அது அவனுக்குக் கேட்கவில்லையா? தெரியாது. எனக்கு விளக்கம் சொல்ல வந்தவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பினேன்.

இப்போது பாலக்காட்டில் சின்னத் துணிக்கடை. முக்காலியில் உட்கார்ந்து வியாபாரம். மூட்டையை வேறு ஆள் தூக்குகிறான். கீழே விழுந்ததை வாடிக்கையாளர்தான் எடுத்துத் தர வேண்டும். இந்த உடம்பு என்னுடையதென்று பழகவில்லை. யாரோ பார்த்துப் பார்த்து வைத்திருந்து, சொல்லாமல் கொள்ளாமல் என்னிடம் விட்டுவிட்டுப் போன பொருள் மாதிரி இருக்கிறது.

அஸர் நேரமானால் நெஞ்சில் தட்டுகிற மாதிரி இருக்கும். பட்டை இல்லை, தட்ட ஆளும் இல்லை. பாங்கு எனக்குக் கேட்பதும் இல்லை. வெளியே பார்த்தால் ஜனங்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கடையைச் சாத்திவிட்டு நானும் போகிறேன். வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து தலையசைக்கிறேன். முடிந்ததும் எல்லோரும் கை ஏந்துவார்கள். நான் ஏந்துவதில்லை. கேட்க ஒன்றும் இல்லை, கேட்கவும் பயம். சலாம் சொல்கிறேன், எழுந்திருக்கிறேன். எழுந்திருக்க மட்டும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.